பூ, இரும்பு, சோஃபு

போன செமஸ்டர் எங்கள் ஃபிலிம் கிளப்பில் ஒரு பழைய கறுப்பு-வெள்ளை ஜப்பானியப் படம் போட்டார்கள். வுமன் இன் தி ட்யூன்ஸ், 1964-ல் வந்தது. ஒரு ஆள் மணல் குழிக்குள் மாட்டிக்கொண்டு தினமும் மணல் அள்ளிக்கொண்டே இருப்பார். படம் முடியும்போது ஹாலில் பாதிப் பேர் இல்லை, அது வேற கதை. எனக்குப் படம் பிடித்துப்போய், ரூமுக்கு வந்ததும் டைரக்டர் யார் என்று தேடினேன். ஹிரோஷி தெஷிகஹாரா. சினிமா இயக்குநர், அதோடு ஒரு பூ அலங்காரப் பள்ளியின் மூன்றாவது தலைவர் என்று போட்டிருந்தது. இது என்னடா காம்பினேஷன் என்று தோன்றியது. அப்படியே அவருடைய அப்பா பக்கம் போனேன். போனவன் இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை.

அந்த அப்பா பெயர் சோஃபு தெஷிகஹாரா. பூவைத் தட்டில் அடுக்குகிற ஒரு பழைய கலையை எடுத்து, அதைச் சிற்பம் என்று சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோனவர். சில சமயம் பூவே இல்லாமல்.

முதலில் இகெபானா என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், இல்லையென்றால் இந்த ஆள் எதை உடைத்தார் என்று புரியாது. ஜப்பானில் புத்தர் முன்னால் பூ வைக்கும் வழக்கத்திலிருந்து வந்தது அது. கியோத்தோ நகரத்தில் ரொக்காகுடோ என்று ஒரு கோயில். அங்கே இருந்த துறவிகளின் வழியில் வந்ததுதான் இகெனோபோ பள்ளி. இருக்கிற பள்ளிகளிலேயே பழையது, 500 வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலம் போகப் போக பூ வைப்பது கோயிலை விட்டு வீட்டுக்கு வந்தது. ஜப்பானிய வீட்டு வரவேற்பறையில் டோகொனோமா என்று ஒரு மாடம் இருக்கும். அதில் ஒரு சித்திரம் தொங்கும், கீழே ஒரு பூ ஜாடி இருக்கும். அந்த மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பதற்காகவே எல்லா விதியும் எழுதப்பட்டது. வானம், பூமி, மனிதன் என்று மூன்று கிளைகள். எது எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் வளைய வேண்டும், எந்தப் பூவை எந்தப் பூவோடு சேர்க்கக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு.

விதியைச் சொல்லிக்கொடுப்பவர் பள்ளித் தலைவர். அவருக்கு இயெமோட்டோ என்று பெயர். பதவி பெரும்பாலும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும். மாணவர்கள் ஒவ்வொரு படியாக ஏறுவார்கள், ஒவ்வொரு படிக்கும் ஒரு சான்றிதழ், ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு கட்டணம். கேட்கும்போது நமக்குத் தெரிந்த ஏதோ ஒன்று மாதிரி இருக்கிறதா? இருக்கும்.

சோஃபு 1900 டிசம்பரில் ஒசாகா பக்கம் பிறந்து டோக்கியோவில் வளர்ந்தார். அவருடைய அப்பா வாஃபு தெஷிகஹாரா ஒரு இகெபானா ஆசிரியர், சொந்தமாகப் பள்ளி நடத்தியவர். பையனுக்கு ஐந்து வயதிலேயே கிளையையும் கத்தரியையும் கையில் கொடுத்துவிட்டார். பையனும் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். இளைஞனாக இருக்கும்போதே அப்பாவின் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டான். ஆனால் அவனுக்கு உள்ளுக்குள் ஓவியனாக வேண்டும் என்று ஆசை. ஐரோப்பாவில் என்ன வரைகிறார்கள், என்ன செதுக்குகிறார்கள் என்பதில்தான் கண்.

இந்த இடத்தில் அந்தக் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1923 செப்டம்பர் 1-ம் தேதி டோக்கியோவையும் யோகோஹாமாவையும் ஒரு பெரிய நிலநடுக்கம் தாக்கியது. அதைத் தொடர்ந்த தீயில் ஊரின் பெரும்பகுதி அழிந்தது, செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். திரும்பக் கட்டும்போது நகரத்தின் முகமே மாறியது. கான்கிரீட் கட்டிடங்கள், மேசை நாற்காலி போட்ட அறைகள், கஃபேக்கள், கண்ணாடி போட்ட கடை முகப்புகள். இவற்றில் எதிலும் டோகொனோமா கிடையாது. மாடமே இல்லாத அறையில், மாடத்துக்காக எழுதிய விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்பாவின் பள்ளியில் மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாருடைய ஜாடியும் ஒரே மாதிரி வந்தால்தான் பாஸ். மகனுக்கு அது தாங்கவில்லை. பூ ஒவ்வொன்றும் வேறு மாதிரி வளைகிறது, வைக்கிற ஆளும் வேறு, பிறகு ஏன் முடிவு மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி.

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒத்துவராமல் கடைசியில் அவர் வீட்டை விட்டு வெளியேறினார். 1927-ல் சொந்தமாக ஒரு பள்ளி ஆரம்பித்தார். சோகெட்சு. புல், நிலா என்று இரண்டு எழுத்து. வயது 26. கல்யாணமாகி அந்த வருஷம் ஜனவரியில்தான் ஹிரோஷி பிறந்திருந்தான். பிள்ளையும் பள்ளியும் ஒரே வருஷத்தில். வீட்டில் அப்பாவின் தொழில், தயாரான மாணவர்கள், தயாரான வருமானம் எல்லாம் இருக்கும்போது கைக்குழந்தையோடு வெளியே வருவது லேசான விஷயம் இல்லை. எங்கள் வகுப்பில் அப்பா சொன்னதால் இந்த பிராஞ்ச் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல் போதாது. நானும் அதில் ஒருவன்தான். அதனால் இந்த இடத்தை மூன்று தடவை படித்தேன்.

ஆரம்பத்தில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. அடுத்த வருஷம், 1928-ல், கின்ஸா பகுதியில் இருந்த சென்பிகியா என்ற பழக்கடையில் முதல் கண்காட்சி வைத்தார். கவனியுங்கள், கோயில் இல்லை, பெரிய மனிதர் வீடும் இல்லை, பழரசம் குடிக்க ஜனங்கள் வரும் கடை. அடுத்து வந்ததுதான் பெரிய திருப்பம். ஜப்பானில் ரேடியோ 1925-ல்தான் வந்தது. 1929-ல் சோஃபு ரேடியோவில் இகெபானா பாடம் எடுத்தார். பூ அலங்காரத்தை, கண்ணால் பார்க்கவே முடியாத ரேடியோவில்! முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று புரிகிறது. இந்தக் கிளையை இப்படி வையுங்கள் என்று கையைக் காட்ட முடியாது. எல்லாவற்றையும் நீளமாக, கோணமாக, எண்ணாக மாற்றினால்தான் கேட்பவருக்குப் போய்ச் சேரும்.

அவருடைய பாடமுறையைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சோகெட்சு பள்ளியின் அடிப்படை வடிவத்தில் மூன்று முக்கியமான கிளைகள். பெரியது ஷின், நடுவில் உள்ளது சோஎ, சின்னது ஹிகாஎ. அகலமான தட்டின் விட்டத்தையும் ஆழத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்கினால் ஷின்னின் நீளம். அதில் முக்கால் பங்கு சோஎ. சோஎயில் முக்கால் பங்கு ஹிகாஎ. தட்டு 30 செ.மீ. விட்டம், 6 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஷின் 54, சோஎ 40.5, ஹிகாஎ சுமார் 30. அடுத்தது கோணம். செங்குத்துக் கோட்டிலிருந்து ஷின் 15 டிகிரி, சோஎ 45 டிகிரி, ஹிகாஎ 75 டிகிரி சாய வேண்டும். ஷின்னும் சோஎயும் கோணத்தை மாற்றிக்கொண்டால் சாய்வு வடிவம். அங்கிருந்து ஒன்றொன்றாக மாற்றங்கள், எண் போட்டு வரிசையாக. கிட்டத்தட்ட ஒரு லேப் மேனுவல்.

மெக்கானிக்ஸும் இல்லாமல் இல்லை. கிளையை நிறுத்துவது கென்ஸான் என்ற சின்ன ஆணிப்படுக்கை. கனமான ஈய அடித்தளம், மேலே பித்தளை ஊசிகள். பெரிய கிளையை முன்பக்கம் சாய்த்தால் மொத்தமும் கவிழும். அதற்குப் பின்னால் இன்னொரு கென்ஸானைத் தலைகீழாகக் கவிழ்த்து எடைக்கு வைப்பார்கள். கேன்டிலீவருக்கு எதிர் எடை, அவ்வளவுதான். தண்டைத் தண்ணீருக்குள் வைத்துதான் வெட்டுவார்கள். வெளியில் வெட்டினால் தண்டின் குழாய்க்குள் காற்று புகுந்து, தண்ணீர் மேலே ஏறாமல் பூ சீக்கிரம் வாடிவிடும். வீட்டில் அம்மா வாங்கிவந்த ரோஜாவில் நான் இதைச் செய்து பார்த்தேன். கூட ஒரு நாள் நின்றது என்று நான் சொல்கிறேன், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஒரு கேள்வி வர வேண்டும். விதி பிடிக்காமல் வீட்டை விட்டுப் போனவர், எண் போட்டு விதி எழுதினால் என்ன அர்த்தம்? நானும் அதில்தான் நின்றேன். அவர் தரப்பு நியாயம் இதுதான்: பழைய பள்ளிகளில் விதிதான் கடைசி, அதைச் சரியாகச் செய்துவிட்டால் நீங்கள் தேறிவிட்டீர்கள். சோகெட்சுவில் விதி முதல் வகுப்பு மட்டும். கை பழகும் வரைக்கும். அதற்குப் பிறகு கோடு, திரள், நிறம், வெற்றிடம் என்று யோசிக்கச் சொன்னார். யாரும் செய்யலாம், எங்கேயும் செய்யலாம், எந்தப் பொருளை வைத்தும் செய்யலாம் என்பது அவர் பள்ளியின் அடிப்படை. இதில் எந்தப் பொருளை வைத்தும் என்ற இடம்தான் பின்னால் வெடித்தது.

1930-களின் தொடக்கத்தில் அவரும் மிரெய் ஷிகெமோரியும் இன்னும் சிலரும் சேர்ந்து புதிய இகெபானாவுக்கு ஒரு பிரகடனம் தயார் செய்தார்கள். ஷிகெமோரி பின்னாளில் தோட்டக் கலைஞராகப் பெரிய பெயர் வாங்கியவர். கியோத்தோவின் தோஃபுகுஜி கோயிலில் பாசியும் கல்லும் சதுரங்கக் கட்டமாகத் தெரியும் தோட்டம் அவருடையது, 1939. பழைய காலத்து ஏக்கம் வேண்டாம், இறுகிப்போன வடிவம் வேண்டாம், பூவோடு ஒழுக்க போதனையைக் கட்டிவிட வேண்டாம், செடிதான் பொருள் என்ற எல்லையும் வேண்டாம் என்பது அந்தப் பிரகடனத்தின் சாரம். சொன்னதெல்லாம் உடனே நடந்துவிடவில்லை. பிறகு போர் வந்தது. ஆடம்பரத்துக்கு எதிராக அரசாங்கமே பிரசாரம் செய்த நாட்களில் பூ அலங்காரத்துக்கு என்ன இடம் இருக்கும்? 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் டோக்கியோ ஒரே இரவில் எரிந்தது, ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது.

சரணடைந்து மூன்றே மாதம். நவம்பரில் சோஃபுவும் ஓஹரா பள்ளியின் தலைவர் ஹோஉன் ஓஹராவும் சேர்ந்து டோக்கியோவில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். சோற்றுக்கே ஊர் வரிசையில் நின்ற நேரம் அது. இது அசட்டுத்தனமா, தைரியமா என்று என்னால் முடிவு பண்ண முடியவில்லை. ஆனால் அந்த நாட்களில்தான் அவர் கை மாறியது. தோட்டம் இல்லை, பூக்கடை இல்லை, எங்கே பார்த்தாலும் கருகிய மரம், வளைந்த இரும்பு. அவர் அதை எடுத்தார். வேரோடு பிடுங்கிய மரத்தின் அடிப்பாகம், இரும்புத் துண்டு, கல், காய்ந்த கட்டை. ஒரு கருகிய வேரை நிமிர்த்தி வைத்து, அதன் பக்கத்தில் ஒரே ஒரு பூவை வைக்கும்போது இரண்டும் வேறாகிவிடுகிறது. சில நாள் அந்த ஒரு பூவையும் எடுத்துவிட்டார்.

இன்னொரு பக்கம், ஜப்பானைப் பிடித்திருந்த அமெரிக்க ராணுவ அதிகாரிகளின் மனைவிமார்களுக்கு இகெபானா சொல்லிக்கொடுத்தார். ஊரை எரித்தவர்களின் வீட்டு மேசைக்குப் பூ. இதைப் பற்றி அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் நிறைய யோசித்தேன். ஆனால் சோகெட்சு ஜப்பானை விட்டு வெளியே போனதற்கு அந்த வகுப்புகள் ஒரு முக்கியக் காரணம். கற்றுக்கொண்டவர்கள் ஊருக்குப் போகும்போது கையோடு அதையும் கொண்டுபோனார்கள்.

1950-களில் அவருடைய வேலையின் சைஸே மாறிவிட்டது. மேசை மேல் வைப்பது போய், அறையை அடைப்பது வந்தது. பிரமாண்டமான மரத்தை வேரோடு கொண்டுவந்து, செதுக்கி, அதன் மேல் பித்தளை, ஈயம் மாதிரி உலோகத் தகடுகளைப் போர்த்தி ஆணி அடித்தார். ஜப்பானின் மிகப் பழைய புராண நூலான கோஜிகியின் பெயரில் ஒரு வரிசையே செய்தார். படங்களில் பார்த்தால் பூ அலங்காரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏதோ பழங்கால மிருகம் கவசம் போட்டுக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். இது இகெபானாவே இல்லை என்று அப்போதும் சண்டை நடந்தது, இப்போதும் நடக்கிறது. அவர் பார்வையில் பூ இயற்கை, இகெபானா மனிதன் செய்வது. கிளையை வெட்டின நிமிஷமே அது காட்டுக்குச் சொந்தம் இல்லை, செய்பவனுக்குச் சொந்தம். அங்கிருந்து பார்த்தால் கிளைக்கும் இரும்புக்கும் நடுவில் பெரிய சுவர் ஒன்றும் கிடையாது.

எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து உண்டு. சிற்பம் நிற்கும், பூ வாடும். மூன்று நாளில் போய்விடும் என்று தெரிந்தே ஒன்றை அவ்வளவு கவனமாகச் செய்வதுதான் இகெபானாவில் என்னைத் தொட்ட விஷயம். உலோகத் தகடு அடித்த மரம் அறுபது வருஷம் கழித்தும் மியூசியத்தில் அப்படியே இருக்கிறது. அவர் ஒன்றைப் பெற்றார், ஒன்றை விட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. அவரும் பூவை மொத்தமாக விட்டுவிடவில்லை. கடைசி வரை தினசரி வேலை பூதான்.

வெளிநாடுகளில் அவர் பெயர் வேகமாகப் பரவியது. 1955-ல் பாரிஸில் பகாதெல் மாளிகையில் கண்காட்சி. பூக்களின் பிக்காசோ என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன. 1957-ல் ஜப்பான் வந்த பிரெஞ்சு விமர்சகர் மிஷெல் தாபியே, அவரை அலங்காரக்காரர் என்று பார்க்காமல் ஒரு நவீன சிற்பி என்றே ஐரோப்பாவில் பேசினார். பிரெஞ்சு அரசின் விருதுகள் வந்தன. பட்டியல் போட்டால் நீளும், விட்டுவிடுவோம்.

அதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது அவர் கட்டிய கட்டிடம். 1958-ல் டோக்கியோவில் சோகெட்சு பள்ளிக்குப் புதுக் கட்டிடம் வந்தது. வடிவமைத்தவர் கென்ஸோ டாங்கே, ஹிரோஷிமா அமைதி நினைவகத்தை டிசைன் செய்தவர். ஆர்க்கிடெக்சர் நண்பர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அதில் ஒரு சின்ன அரங்கம் இருந்தது. அந்த அரங்கத்தை சோஃபு மகன் ஹிரோஷியின் கையில் கொடுத்தார்.

ஹிரோஷி பூ வேலைக்கு வரவில்லை. ஓவியம் படித்து, பிறகு சினிமாவுக்குப் போய்விட்டான். ஆரம்ப காலத்தில் எடுத்த ஒரு குறும்படத்தின் பெயரே இகெபானா. அதில் அப்பாவும் அவருடைய பள்ளியும்தான் வருகிறார்கள். பரம்பரைத் தொழிலுக்கு மூத்த மகன் வராவிட்டால் எந்த வீட்டிலும் ஒரு பிரளயம் நடக்கும். இங்கே தலைவர் பதவியே வாரிசுக்குத்தான் போக வேண்டும். சோஃபு மகனைக் கட்டாயப்படுத்தவில்லை. அரங்கத்தைக் கொடுத்து, என்ன வேண்டுமானாலும் செய் என்று விட்டுவிட்டார். அந்த சோகெட்சு ஆர்ட் சென்டர் 1971 வரை நடந்தது. 1962-ல் ஜான் கேஜும் டேவிட் டியூடரும் அங்கே வாசித்தார்கள். அதே வருஷம் யோகோ ஓனோ அங்கே நிகழ்ச்சி நடத்தினார், பீட்டில்ஸ் ஜான் லெனனை அவர் சந்திப்பதற்கு முன்னால். டோரு டகெமிட்சுவின் இசை, கார்ட்டூன் படங்கள், யாருக்கும் புரியாத நாடகங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது பூ வகுப்புக் கட்டணம். ஜப்பான் முழுக்கப் பெண்கள் ஷின், சோஎ, ஹிகாஎ என்று அளந்து வெட்டியதில் வந்த காசில்தான் அந்தக் காலத்து ஜப்பானின் மிகப் புரட்சியான மேடை ஓடியது. அந்த மாணவிகளுக்கு இதற்கான பாராட்டு யாரும் கொடுத்த மாதிரித் தெரியவில்லை. ஹிரோஷியின் மணல் படம் கான் விழாவில் நடுவர் சிறப்புப் பரிசு வாங்கியது, சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரைக்கும் போனது. ஜப்பானிலிருந்து அந்தப் பரிந்துரைக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

இதெல்லாம் நல்ல பக்கம். சங்கடமான பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். சோஃபு பழைய வடிவங்களை உடைத்தார், ஆனால் பழைய அமைப்பை உடைக்கவில்லை. அவரும் இயெமோட்டோதான். அவர் பள்ளியிலும் படிகள், சான்றிதழ்கள், கட்டணங்கள் எல்லாம் இருந்தன. பள்ளி பெரிதாகப் பெரிதாக அதுவும் ஒரு சாம்ராஜ்யம் ஆனது. அதே காலத்தில் யூகியோ நககாவா என்று இன்னொருவர் இருந்தார். அவர் 1951-ல் இகெனோபோ பள்ளியை விட்டு வெளியே வந்தார், வந்தவர் புதுப் பள்ளி எதுவும் ஆரம்பிக்கவில்லை. சிஷ்யர் கூட்டமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம் என்று இருந்து, வருஷக்கணக்கில் பணமில்லாமல் கஷ்டப்பட்டார். 1973-ல் நூற்றுக்கணக்கான கார்னேஷன் பூக்களைக் கண்ணாடி ஜாடிக்குள் அடைத்து, வெள்ளைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து வைத்தார். பூவின் சாறு ரத்தம் மாதிரிக் கசிந்து பரவியது. அவர் செய்ததில் ரொம்பப் பேசப்பட்டது அது. வெளியேறுவது என்றால் அப்படி வெளியேற வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நான் முழுசாக அந்தக் கட்சி இல்லை. நககாவா போன வழியில் ஒருத்தர்தான் போக முடியும். ரேடியோ முன்னால் உட்கார்ந்து, வீட்டில் இருந்த தட்டை அளந்து, தெருவோரத்துக் கிளையை வெட்டி வைத்த ஒரு பெண்ணுக்கு வழி திறந்தது சோஃபுதான். ஆனால் அப்பாவிடம் எதைக் குறை சொன்னாரோ அதே நாற்காலியில் அவர் உட்கார்ந்தார் என்பதும் உண்மை. அவர் ஆட்களிடம் இதைக் கேட்டால் நாற்காலி ஒன்றுதான், உட்கார்ந்த விதம் வேறு என்பார்கள் போல.

1977-ல் பழைய கட்டிடத்தின் இடத்தில் இன்னும் பெரியதாக ஒன்று எழுந்தது, அதுவும் டாங்கேதான். முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் சிற்பி இசாமு நொகுச்சி செய்த கல் தோட்டம், படிப்படியாக மேலே ஏறும், நடுவில் தண்ணீர் இறங்கி வரும். அந்தக் கல் படிகளின் மேலேயே இகெபானா வைப்பார்கள்.

சோஃபு 1979 செப்டம்பர் 5-ம் தேதி இறந்தார், 78 வயது. வாரிசை முன்னாலேயே யோசித்து வைத்திருந்தார்கள். மகள் கசுமி. சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு இருந்து கற்றுக்கொண்டவர். அப்பாவுடையது அறையை நிரப்பும், கசுமியுடையது உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சின்னதாக, மென்மையாக இருக்கும். அவர் இரண்டாவது தலைவர் ஆனார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1980 ஆகஸ்டில் அவரும் இறந்துபோனார், 47 வயதுதான்.

அப்புறம் வேறு யார் இருக்கிறார்கள்? 53 வயதில், தன் தொழிலே வேறு என்று வாழ்ந்துகொண்டிருந்த ஹிரோஷி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நாள் படமே எடுக்கவில்லை. அப்பா வேரையும் இரும்பையும் எடுத்த மாதிரி அவர் மூங்கிலை எடுத்தார். மூங்கிலைப் பிளந்து, வளைத்து, ஆட்கள் உள்ளே நடந்து போகிற அளவுக்குச் சுரங்கப் பாதைகள் மாதிரிக் கட்டினார். நடுவில் ஸ்பெயினின் கட்டிடக் கலைஞர் கௌடி பற்றி ஒரு படமும், தேநீர்க் கலையின் குரு ரிக்யூ பற்றி ஒரு படமும் எடுத்தார். 2001-ல் அவர் போன பிறகு மகள் அகானே நான்காவது தலைவர்.

சோகெட்சு பள்ளியில் இன்றைக்குப் போய்ச் சேர்ந்தாலும் முதல் பாடம் அடிப்படை நேர்நிலை வடிவம்தான். ஷின் 15 டிகிரி, சோஎ 45, ஹிகாஎ 75.